ஜாம் பாட்டிலில் ஒரு காற்றழுத்தமானி

எட்டாம் வகுப்பில் நாங்கள் பூமியை உப்பும் மிளகுத்தூளும் தொட்டுச் சாப்பிட்டோம். அந்த வருஷம் புதிதாக வந்த சயின்ஸ் டீச்சர் ஆளுக்கொரு அவித்த முட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒன்றை ஓட்டோடு குறுக்கே வெட்டி, ஓடுதான் நாம் நிற்கிற தரை, வெள்ளைதான் அதற்குக் கீழே மெல்ல நகர்கிற பாறை, மஞ்சள்தான் நடுவில் கொதிக்கிற கரு என்று காட்டினார். இன்னொன்றை மேஜையில் தட்டி, விரிசல் விட்ட ஓட்டுத் துண்டுகளை விரலால் நகர்த்தி ஒன்றோடொன்று இடிக்க வைத்து, நிலநடுக்கம் வருவது இப்படித்தான் என்றார். மணி அடித்ததும், "சரி, சாப்பிடுங்க" என்றார். அதுவரை பூமி எங்களுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்கிற ஐந்து மார்க் கேள்வியாகத்தான் இருந்தது.

டீச்சர் நெல்லித்தோப்பிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வண்டியின் முன்பக்கம் எப்போதும் ஒரு பை உப்பிக்கொண்டிருக்கும். அதில் பந்து இருக்கும், டார்ச் இருக்கும், மணல் இருக்கும். ஒரு நாள் ஜன்னலையெல்லாம் பழைய புடவைகளால் மூடி, வகுப்பு நடுவில் ஒரு பல்பை எரியவிட்டு, பென்சிலில் குத்திய பந்தை ஆளுக்கொன்று கையில் கொடுத்து எங்களைச் சுற்றவிட்டார். பந்து பிறையாகி, பாதியாகி, முழு நிலவாகித் தேய்ந்தது. பல்பு சூரியன், பந்து நிலா, என் தலைதான் பூமி என்று டீச்சர் சொன்னபோது எனக்கு உண்டான கர்வம் வீடு போய்ச் சேரும்வரை இறங்கவில்லை.

இறங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பில் முதல் இரண்டு இடங்களுக்குள் எப்போதும் வருகிறவள் நான். எங்கள் கடலோரக் குப்பத்தில் அது பெரிய விஷயம். போன் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும், மாத்திரை அட்டையைப் படிக்கச் சொல்லவும் அக்கம்பக்கத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாதது எதுவும் பெரிதாக இருக்க முடியாது என்ற முடிவுக்கு அப்போதே வந்துவிட்டிருந்தேன்.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது. விடியுமுன்பே அப்பா, சித்தப்பா, அத்தையின் வீட்டுக்காரரான மாமா, மூன்று பேரும் அதில் கடலுக்குப் போவார்கள். வெயில் ஏறும் நேரத்துக்குத் திரும்புவார்கள். அம்மா மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு டவுனுக்குள் போய் வாடிக்கை வீடுகளில் விற்றுவிட்டு மத்தியானம் வருவாள். சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். நீச்சலில் குப்பத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர். அந்த வருஷம் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் டீச்சர் காற்றைப் பிடித்துக்கொண்டார். காற்றுக்கு எடை உண்டு, அது நம்மை எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டிருக்கிறது, அந்த அழுத்தம் குறைந்தால் மழையும் காற்றும் வரும் என்று சொல்லி, அதை வீட்டிலேயே அளக்க ஒரு கருவி செய்யச் சொல்லிக்கொடுத்தார். வாய் அகலமான கண்ணாடிப் பாட்டில் ஒன்று வேண்டும். பலூனை வெட்டி அதன் வாயில் தோல் மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும். ஒரு ஸ்ட்ராவைப் படுக்கவைத்து, அதன் ஒரு முனையைத் தோலின் நடுவில் ஒட்டி, மறுநுனி பாட்டில் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க விட வேண்டும். வெளிக்காற்று அழுத்தினால் தோல் உள்ளே குழியும், ஸ்ட்ராவின் நுனி மேலே ஏறும். அழுத்தம் குறைந்தால் தோல் உப்பும், நுனி கீழே இறங்கும். பக்கத்தில் ஒரு அட்டையை நிறுத்திக் கோடு போட்டுக்கொண்டால் காற்றழுத்தமானி தயார். ஏறினால் நல்ல வானிலை, இறங்கினால் மழை.

பாட்டில் எனக்கு மதாம் வீட்டிலிருந்து கிடைத்தது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வயதான அம்மாள் அவர். அம்மாவின் வாடிக்கைகளில் முக்கியமானவர். ஜாம் தீர்ந்த பாட்டிலைக் கழுவித் துடைத்து, மூடியோடு கொடுத்தனுப்பியிருந்தார். ஸ்ட்ராவை இளநீர்க் கடையில் கேட்டு வாங்கினேன். எல்லாம் செய்து முடித்து, வீட்டில் எனக்குத் தெரிந்த மிகக் கௌரவமான இடமான ஃபிரிட்ஜின் தலையில் கொண்டுபோய் வைத்தேன்.

வைத்த கொஞ்ச நாளிலேயே ஒரு மத்தியானம் ஸ்ட்ரா நன்றாக இறங்கியது. மழை வரும் என்று வீடு முழுக்க அறிவித்தேன். சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது.

"ஐப்பசியில மழை பெய்யும்னு சொல்ல பாட்டில் எதுக்கு?" என்று அப்பா சிரித்தார். அம்மா கொடியில் நனைந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள், அவளுக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை. சித்தப்பா மட்டும் ஃபிரிட்ஜ் பக்கம் வந்து நின்று, குனிந்து நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். காற்று என்றேன். வெறும் காற்றுதானா என்று கேட்டார். வெறும் காற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் நான் சொன்ன பாடத்தை முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு சித்தப்பா தினமும் சாயங்காலம் பாட்டிலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். டீ குடித்த கையோடு, "என்ன சொல்லுது?" என்பார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று ரேடியோவில் சொல்வது மாதிரி சொல்வேன். அறிவியலுக்கு ஒரு ஆளைச் சேர்த்துவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு நாள் ஸ்ட்ரா அட்டையின் அடிக்கோட்டையே தொட்டுவிட்டது. அவ்வளவு கீழே அது போனதே இல்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து தன் கண்ணாலேயே பார்த்தார். பிறகு வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், "நாளைக்கு நான் வரலண்ணே. பாட்டில்ல ரொம்ப இறங்கியிருக்கு" என்றார்.

அப்பா விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தார். இல்லை என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"புயல்னா துறைமுகத்துல கூண்டு ஏத்துவாங்க. போன்ல மெசேஜ் வரும். பலூன் கட்டின பாட்டில் சொல்லுதுன்னு எவனாவது கரையில உக்காருவானா?"

"அது படிச்சவங்க சொல்லிக் குடுத்ததுண்ணே. சும்மா சொல்ல மாட்டாங்க."

நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அப்பா இன்னும் சத்தம் போட்டிருப்பார். அம்மாதான் உள்ளேயிருந்து, "விடுங்க, ஒரு நாள்தானே" என்றாள். மறுநாள் அப்பாவும் மாமாவும் மட்டும் போனார்கள்.

கடல் அன்றைக்குக் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. படகு சங்கராவும் வஞ்சிரமுமாகத் திரும்பி வந்தது. அந்தச் சீசனில் அப்படி ஒரு மீன்பாடு விழுந்ததில்லை என்று எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தப்பாவும் மீன் இறக்கக் கூடப் போனார். மாமா கூடையை அவரிடம் நீட்டிக்கொண்டே, கரையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "போன வருஷம் குடிச்ச தண்ணியே இன்னும் இவனுக்குச் செரிக்கல போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்றிருந்த நானும் சிரித்தேன்.

அது எங்கள் வீட்டில் நன்றாக அறியப்பட்ட கதை. போன வருஷம் இதே மழைக்காலத்தில், கரையேறுகிற இடத்தில் ஒரு அலை படகைப் புரட்டிப் போட்டுவிட்டது. அப்பாவும் மாமாவும் உடனே மேலே வந்துவிட்டார்கள். சித்தப்பா வலைக்குள் மாட்டிக்கொண்டார். அப்பா முங்கி, கத்தியால் வலையை அறுத்து, அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். மணலில் குப்புறப் போட்டு அமுக்கியபோது வயிற்றிலிருந்து வந்த தண்ணீரைப் பற்றி மாமா சொல்லும் விதமே தனி. பாதிக் கடலைக் குடித்துவிட்டு வந்தவன் என்பார். கல்யாண வீடுகளில், காதுகுத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று பல தடவை அதைச் சொல்லியிருக்கிறார். சித்தப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு அதன் பிறகு அடிக்கடி பல் வலி வந்தது, வயிற்று வலி வந்தது, காய்ச்சல் மாதிரி இருந்தது. எல்லாம் காலையில் வந்து மத்தியானம் போய்விடும். அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். சித்தப்பாவுக்கு உடம்பு வாகு சரியில்லை என்று நான் நினைத்தேன்.

பாட்டில் ஏமாற்றியது எனக்குத்தான் பெரிய அவமானம். அன்றைக்கே வகுப்பில் டீச்சரிடம் சொன்னேன். நான் மட்டுமில்லை என்று தெரிந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் மத்தியானமானால் புயல் வந்துகொண்டிருந்தது. டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிப் பாட்டிலை எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டார். ஜன்னல் ஓரத்தில், மொட்டைமாடிப் படிக்கட்டில், டிவி மேல் என்று பதில் வந்தது. நான் ஃபிரிட்ஜ் மேல் என்றேன்.

டீச்சர் மேஜை மேல் இருந்த பாட்டிலை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்தார். எல்லோரையும் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரா மெதுவாக இறங்கியது. வகுப்பறையில் புயல் எதுவும் இல்லை.

"என் கைச்சூட்டுல உள்ள இருக்கிற காத்து விரியுது. விரிஞ்சா தோல் உப்பும். அழுத்தத்துக்கும் குச்சி இறங்கும், சூட்டுக்கும் இறங்கும். ஃபிரிட்ஜுக்குள்ளதான் குளிர்ச்சி, அதைச் சுத்தி வெளியில எல்லாம் சூடு. கொண்டுபோய் நிழலா, குளுமையா ஒரு எடத்துல வைங்க" என்றார்.

அன்று சாயங்காலமே பாட்டிலை இறக்கி, உள் அறையில் குடிதண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், வெயிலே படாத மூலையில் வைத்தேன். சித்தப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தப்பு எங்கே நடந்தது என்று விளக்கினேன். டீச்சர் செய்த மாதிரியே இரண்டு கையாலும் பாட்டிலைப் பொத்திக் காட்டினேன்.

"எவ்ளோ நேரம் பிடிக்கணும்?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம் போதும்."

"கைய எடுத்தா?"

"மறுபடி ஏறிடும் சித்தப்பா. அதனாலதான் இனிமே இங்க வச்சிருக்கேன். இனிமே தப்பாவே சொல்லாது."

அவர் குடத்தையும் மூலையையும் பாட்டிலையும் பார்த்தார். "அங்கயே இருந்திருக்கலாம்" என்றார். ஃபிரிட்ஜ் மேல் இருந்தபோது பார்க்க வசதியாக இருந்ததைச் சொல்கிறார் என்று நினைத்து, குளிர்ந்த இடத்தின் அவசியத்தை மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

பிறகு மழை விட்ட நாட்கள் வந்தன. ஸ்ட்ரா அட்டையின் மேல்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. வானம் தெளிவாக இருந்தது. நான் சொன்னதும் நடந்ததும் ஒன்றாகவே இருந்தன. சித்தப்பா தினமும் கேட்டார், நான் தினமும் ஏறியிருக்கிறது என்றேன். தினமும் கடலுக்குப் போய்வந்தார். சாப்பாடு மட்டும் குறைந்துபோயிருந்தது. "இன்னும் ஒரு கரண்டி போடட்டா தம்பி?" என்று அம்மா கேட்டால் கையை இலைக்கு மேல் விரிப்பது போலத் தட்டுக்கு மேல் விரித்து மறைத்துக்கொள்வார். மறுபடியும் ஒரு காலையில் பல் வலி வந்தது. அப்பா, "எந்தப் பல்லுடா?" என்று கேட்டதற்கு அவரால் சட்டென்று சொல்ல முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே படகுக்குப் போய்விட்டார்.

ஒரு சாயங்காலம், மாமா மறுநாள் கொஞ்சம் தூரமாகப் போய் வலை விடலாமா என்று பேச வந்திருந்தார். அப்பாவும் அவரும் வாசலில் நின்றார்கள். அலை கொஞ்சம் எழும்பியிருக்கிறது, ஆனால் பயமில்லை, உள்ளே தாண்டிவிட்டால் அமைதிதான் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். நான் டியூஷன் முடிந்து வந்து, தண்ணீர் குடிக்க உள் அறைக்குப் போனேன்.

சித்தப்பா மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டிலை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார். குளிர் நாளில் டீ கிளாஸைப் பிடிப்பார்களே, அந்த மாதிரி. நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. கண் முழுக்க ஸ்ட்ராவின் நுனியில் இருந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது. நுனி மேல்கோட்டிலிருந்து நழுவி, மெதுவாக, நடுக்கோட்டைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது எப்படிச் சொல்வது? கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்று, தானே செய்து பார்ப்பது இன்னொன்று என்று டீச்சர் எப்போதும் சொல்வார். என் சித்தப்பா தானே செய்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன்.

"அப்பா, இங்க வந்து பாரேன். சித்தப்பா சோதனை பண்றாரு."

அப்பா வந்தார். அறை வாசலில் நின்றார். சித்தப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. எடுத்தால் ஸ்ட்ரா ஏறிவிடுமே என்று பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது, அது சரியான காரணமும்கூட. அப்பா பாட்டிலைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். ஸ்ட்ராவின் நுனி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அசையாமல் பிடித்தால்தான் அளவு சரியாக வரும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

வெளியிலிருந்து மாமா, "என்ன மச்சான், என்ன சொல்லுதாம் பாட்டில்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அப்பா திரும்பாமலே பதில் சொன்னார். "இறங்கியிருக்கு. நாளைக்குப் படகு எடுக்க வேணாம்."

"நீயுமா? வெளில வந்து வானத்தப் பாரு."

"இறங்கியிருக்குன்னு சொல்றேன்ல மச்சான். நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு யாரும் போகல."

எனக்குப் பொறுக்கவில்லை. அறிவியலுக்கு எதிரான ஒரு காரியம் என் கண்ணெதிரே, என் சொந்த வீட்டில், என் கருவியை வைத்தே நடந்துகொண்டிருந்தது. "இல்லப்பா, அது கைச்சூடு. கைய எடுத்தா ஏறிடும். சித்தப்பா, நீ கைய எடுத்துக் காட்டேன்" என்றேன்.

அம்மா எப்போது வந்தாள் என்று தெரியாது. என் தோளைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "வாய மூடிக்கிட்டு வெங்காயத்த உரி" என்றாள். நான் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை. படித்தவளின் பேச்சைக் கேட்க ஆளில்லாத வீட்டில் பிறந்துவிட்டோமே என்று இருந்தது. அப்பா வெகுநேரம் உள் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் போகும்போது கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எங்கள் படகு மட்டும் மணலில் கிடந்தது. அதன் நிழலில் அப்பாவும் சித்தப்பாவும் மடியில் வலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா தலையைக் குனிந்திருந்தார். அப்பாவின் கை அவர் பிடரியில் இருந்தது. தாழ்ந்த குரலில் அப்பா ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தார். நன்றாகக் கண்டிக்கட்டும், பொய்யான அளவைக் காட்டி ஒரு நாள் மீன்பாட்டைக் கெடுத்தாரே என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் பக்கம் பார்க்காமலே நடந்தேன். மீனவன் கடலுக்குப் பயப்படலாம் என்பதே எனக்குத் தெரியாது. பயந்தால் அதை அண்ணனிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பது அதைவிடத் தெரியாது. வகுப்பில் டீச்சரிடம், பெரியவர்கள் கருவியைச் சரியாகப் படிப்பதில்லை என்று குற்றச்சாட்டாகவே சொன்னேன்.

அதன் பிறகு சித்தப்பாவுக்குக் கரையிலேயே வேலை இருந்தது. வலை பார்ப்பது, என்ஜின் பார்ப்பது, ஐஸ் ஏற்றி வருவது என்று அப்பா ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். படகில் இரண்டு பேர்தான் போனார்கள். மாமா முணுமுணுத்தார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரையில் ஒரு நாள் மாமா பழையபடி அந்தத் தண்ணீர் குடித்த கதையை எடுத்தபோது, "போதும் மச்சான்" என்றார் அப்பா. மாமா எங்கள் வீட்டில் அந்தக் கதையை மறுபடி சொல்லி நான் கேட்டதில்லை.

பொங்கல் கழிந்ததும் அப்பா யார் யாரையோ போய்ப் பார்த்து, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சித்தப்பாவுக்கு வேலை பேசி முடித்தார். கேட்டவர்களிடமெல்லாம், "பத்தாவது வரைக்கும் படிச்சவன். கடல்ல கெடந்து என்ன செய்யப் போறான்?" என்று சொன்னார். சித்தப்பா பத்தாவது வரை படித்தவர் என்பது அதுவரை வீட்டில் யார் பேச்சிலும் வந்ததில்லை. என் பாட்டிலைப் பார்த்துத்தான் சித்தப்பாவுக்கு மெஷின் மேல் ஆசை வந்தது என்று நான் சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள் கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் வந்து நின்றது. என் பள்ளிக்கூடத்துக்கும் அந்த வழிதான் என்பதால் நானும் கூட நடந்தேன். சித்தப்பா புது ஷூவில் அடியெடுத்து வைக்கத் தெரியாமல் வைத்து வந்தார். சாப்பாட்டுப் பையை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் ஏறுமுன் சித்தப்பா பையை வாங்கிக்கொண்டு, "வரேண்ணே" என்றார். அப்பா தலையை மட்டும் அசைத்தார். பஸ் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றார்.

அன்று விடிகாலையில் எங்கள் படகு கடலுக்குப் போகவில்லை. தம்பியை பஸ் ஏற்றிவிடுவதற்காக அப்பா போகாமல் இருந்துவிட்டார். எனக்கு அது வீணாகப் பட்டது. பஸ் ஏறக்கூடவா வழித்துணை வேண்டும்?

"இனிமே எப்பவுமே படகுக்கு ஒரு ஆள் குறையுமேப்பா" என்றேன்.

"குறையட்டும்" என்றார் அப்பா. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேரமாவுது, நீ ஸ்கூலுக்குப் போ" என்றார்.

மூன்று பேர் செய்கிற வேலையை இரண்டு பேர் செய்தால் லாபமா நஷ்டமா என்றுகூட அப்பாவுக்கு யோசிக்கத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே நான் பள்ளிக்கூடம் போனேன்.